இரண்டாவது கதவுச் சத்தம்

எர்லீன் மட்டூலாவின் பீர் கடைக்கு வருகிறவர்கள் கதவை இரண்டு தடவை சாத்துவார்கள். கடைக் கதவை இல்லை, வண்டிக் கதவை. வந்து இறங்கும்போது ஒரு தடவை. நாலு எட்டு நடந்து, வாசலில் இருக்கும் சிவப்புப் போர்டைப் பார்த்து, 'அட' என்று இடுப்பைத் தடவிக்கொண்டே திரும்பிப் போய், துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இன்னொரு தடவை. எர்லீன் உள்ளே கிளாஸ் துடைத்துக்கொண்டிருப்பாள். கை துடைக்கும், காது வெளியே இருக்கும். இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் யார் வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒற்றைச் சத்தத்தோடு உள்ளே வருகிறவர்கள் எங்கள் மொராவெக் ஊரில் குறைவு. தபால் வண்டி ஓட்டும் நான் ஒருத்தி, பாதிரியார் ஒருவர். எங்கள் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும். மற்றபடி யாராவது ஒரு சத்தத்தோடு வந்துவிட்டால் எர்லீனின் கண் முகத்துக்குப் போகாது, நேரே இடுப்புக்குப் போகும். "நெல்டா, பேசிட்டே இரு, இதோ வரேன்" என்று என்னை விட்டுவிட்டுக் கதவுக்குப் போய்விடுவாள்.

டெக்சாஸில் எங்கள் பக்கம் மேய்ச்சலுக்குள் இறங்கினால் பாம்பு, ஓடைப் பக்கம் போனால் காட்டுப்பன்றி. ஆகவே காலையில் சட்டை மாட்டும்போதே துப்பாக்கியும் இடுப்பில் ஏறிவிடும். ஏறிய பிறகு அது இருப்பதே மறந்துபோகும். கோயிலுக்குள் வந்து பாதிப் பிரார்த்தனையில் ஞாபகம் வந்து நெளிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் எங்களைத் துப்பாக்கிப் பைத்தியங்கள் என்கிறார்கள். பைத்தியமெல்லாம் இல்லை. மறதி. என்னைக் கேட்டால் அது பைத்தியத்தைவிட மோசம்.

அந்தச் சிவப்புப் போர்டு அரசாங்கம் கொடுத்தது. ஒரு கடையின் வரும்படியில் பாதிக்கு மேல் அங்கேயே உட்கார்ந்து குடிக்கிறவர்களிடமிருந்து வந்தால், அதற்குள் கைத்துப்பாக்கி வரக் கூடாது. ஐம்பத்தொரு சதவீதம் என்று பெரிய எண் போட்ட போர்டை மாட்ட வேண்டும். மீறிக் கொண்டுவருகிறவன் கோர்ட்டுக்குப் போவான். தெரிந்தே உள்ளே விடுகிறவளின் லைசென்ஸ் போய்விடும். இது பழைய சட்டம்தான். எர்லீனின் புருஷன் லியோ கடை நடத்திய காலத்திலேயே உண்டு. லியோ சிரித்த முகக்காரன், யாரையும் எதற்கும் கடிந்து சொல்ல மாட்டான். "இது ஹூஸ்டன்லேருந்து வர்றவனுங்களுக்கு. நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு?" என்று போர்டைக் காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் கோணலாக மாட்டி வைத்திருந்தான். யாரும் படித்ததில்லை.

ஒரு ஜூலை மாத மத்தியானம் அல்வின் டூசெக் வைக்கோல் கட்டிவிட்டு நேரே வயலிலிருந்து வந்தான். லியோவும் அவனும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். பாம்புக்காக இடுப்பில் செருகிய தாத்தா காலத்து ரிவால்வர் அப்படியே இருந்தது, உறைகூட இல்லை. உட்கார்ந்து டோமினோ ஆடினான். ஒரு காய் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். ரிவால்வர் நழுவி சிமெண்ட் தரையில் விழுந்து வெடித்தது. லியோ இரண்டு கையிலும் பீர் பாட்டிலோடு கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அல்வின் கோர்ட்டில் ஒன்றையும் மறுக்கவில்லை. கொடுத்த தண்டனையை வாங்கிக்கொண்டான். அவனை ஜெயிலில் போட வேண்டாம் என்று நீதிபதியிடம் போய்ச் சொன்னவள் எர்லீன். அதைக் கேட்டு ஊரில் பாதிப் பேர் அவளைத் தெய்வம் என்றார்கள், பாதிப் பேர் மரக்கட்டை என்றார்கள். அவள் தெய்வமும் இல்லை, மரக்கட்டையும் இல்லை. புருஷன் போன மறு மாதமே கடையைத் திறந்தாள், ஏனென்றால் வேறு வேலை தெரியாது. திறந்த அன்று முதல் காரியமாக அந்தப் போர்டைக் காலண்டர் பக்கத்திலிருந்து கழற்றி, வாசலில், கண்ணுக்கு நேராக அறைந்தாள். யாராவது முணுமுணுத்தால், "நானா சொல்றேன்? அரசாங்கம் சொல்லுது. அங்க போய்ச் சண்டை போடு" என்பாள். ஊரும் சரி என்று கேட்டுக்கொண்டது. போர்டு அவளுக்குப் பதிலாகப் பேசியது.

அல்வின் தன்னிடம் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் கொடுத்துவிட்டான். கடைகளுக்கு ஐஸ் மூட்டை போடும் வண்டி ஓட்டப் போனான். கடை வாசலை அவன் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை தவறாமல் அவனுடைய வண்டி வந்து எதிர்ப்புறம் பெக்கான் மரத்தடியில் நிற்கும். எர்லீன் தனக்குச் சமைத்ததிலிருந்து ஒரு தட்டில் சாப்பாடு வைத்து, அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். பெரும்பாலும் நான்தான். அவன் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுத் தட்டைக் கொடுப்பான். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்பான். நான் வந்து, "நல்லா இருந்துச்சாம்" என்பேன். எர்லீன் தலையாட்டுவாள். வருஷக்கணக்காக இவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். எனக்கு எத்தனையோ நாள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்திருக்கிறது.

இப்படியே போயிருக்கும். ஊரில் இருந்த ஒரே காபிக் கடை மூடியதால் எல்லாம் தலைகீழானது. வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுவது? எர்லீன் ஒரு பெரிய பாத்திரத்தில் கோழி நூடுல்ஸ் சூப் வைத்தாள். அடுத்த மாதம் புகையில் வாட்டிய சாஸேஜ். அதற்கும் அடுத்து, வியாழனில் மட்டும், மாவில் புரட்டிப் பொரித்த மாட்டிறைச்சியும் மேலே ஊற்ற மிளகு போட்ட வெள்ளைக் குழம்பும். அவள் கைப்பக்குவம் அம்மா வழி. செக் நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம், நூடுல்ஸ் மாவை இன்றைக்கும் கையால்தான் பிசைந்து அறுப்பாள். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்து வரிசையில் நின்றார்கள். பெண்கள் வந்தார்கள், கிழவிகள் வந்தார்கள், பீர் வாசனையே பிடிக்காத பாதிரியார் வாரம் மூன்று நாள் வந்தார்.

அக்டோபரில் லைசென்ஸ் புதுப்பிக்க மதுவிலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மிஸ் ஒலிவாரெஸ். இளவயது, கச்சிதமான ஆள். கணக்குகளைப் பார்த்தாள், பிறகு பசிக்கிறது என்று ஒரு தட்டு வாங்கி முழுவதையும் சாப்பிட்டாள். குழம்பை ரொட்டியால் வழித்தும் சாப்பிட்டாள்.

"மேடம், சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சனை" என்றாள்.

"என்ன பிரச்சனை?" என்றாள் எர்லீன்.

"உங்க கடையில இப்ப குடிக்கிறவங்களைவிட சாப்பிடறவங்க பணம்தான் அதிகம். சட்டப்படி இது சாப்பாட்டுக் கடை ஆயிடுச்சு. வாசல்ல இருக்கற சிவப்புப் போர்டை எடுத்துடணும்."

"இருந்துட்டுப் போகட்டுமே. அது யாரைக் கடிக்குது?"

"இல்லாத சட்டத்தைச் சொல்ற போர்டு மேடம். நான் அப்படி விட்டுட்டுப் போக முடியாது."

எர்லீன் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அப்ப துப்பாக்கியோட உள்ள வரலாமா?"

"வரலாம். நீங்க வேண்டாம்னு சொன்னா வரக் கூடாது. அதுக்குத் தனியா ஒரு போர்டு இருக்கு, என்ன எழுதணும், எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்னு நான் தரேன். உங்க கடை, உங்க வார்த்தை. அதையும் சட்டம் மதிக்கும்."

"என் வார்த்தையா?" என்றாள் எர்லீன். கோயில் மேடையில் ஏறிப் பாடு என்று சொன்னால் எப்படி முழிப்பாளோ அப்படி முழித்தாள்.

அன்றைக்கே சிவப்புப் போர்டு இறங்கியது. வாசலில் அது இருந்த இடம் மட்டும் வெளிறாமல் சதுரமாகத் தெரிந்தது. சேதி ஊருக்குள் பரவ, தினமும் வரும் இரண்டு கிழவர்கள் பெரிய தியாகத்துக்குத் தயாராகிவிட்டார்கள். "எர்லீன், கவலைப்படாத. நாங்க டபுளா குடிக்கிறோம். கணக்கு தானா ஏறிடும்" என்றார் ஒருவர். "சட்டத்துக்காகத்தான் குடிக்கிறேன்னு என் பொண்டாட்டிகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார் மற்றவர். எர்லீன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சூப்பை நிறுத்திவிடலாம் என்று யோசிப்பதாக என்னிடம் சொன்னாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? ஊரே உன் கையால சாப்பிடுது. ஒரு போர்டுக்காக அடுப்பை அணைப்பியா? அந்தப் பொண்ணுதான் வழி சொல்லிட்டுப் போயிருக்காளே, உன் போர்டை மாட்டு!"

"அது அரசாங்கம் சொன்னது நெல்டா. இது நான் சொல்றது. நான் யாரு இவங்களைப் பார்த்துச் சொல்றதுக்கு? ஒவ்வொருத்தனும் லியோவோட சவப்பெட்டியைத் தூக்கினவன்."

அவள் பயந்தபடியே நடந்தது. ஹார்லன் ராஸ்கா வந்தான். வேட்டைக்காரர்கள் சுட்ட மானை வெட்டிப் பங்கு போட்டுக் கொடுக்கும் கடை அவனுடையது. குரல் பெரிது, மனசும் அப்படியொன்றும் சின்னதில்லை, ஆனால் தான் நினைத்ததுதான் சரி என்கிற ஜாதி. மான் சீசன் தொடங்கும் சனிக்கிழமை ஊருக்கு வரும் வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் அவன் கடையில் நிற்பார்கள். "மட்டூலாவுல போய்ச் சாப்பிடுங்க" என்று அவன் கைகாட்டினால் அத்தனை பேரும் இங்கே வருவார்கள். அந்தச் சீசன் கூட்டத்தில்தான் எர்லீன் வசந்தம் வரைக்கும் தாக்குப்பிடிப்பாள்.

"நீயே போர்டு மாட்டப் போறியாமே?" என்றான் ஹார்லன்.

"யோசிக்கிறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? கெட்டவன் உன் போர்டைப் படிச்சுட்டு நல்லபடியா திரும்பிப் போயிடுவானா? மாட்டிக்கறது நல்லவன்தான். அரசாங்கம் சொல்லுச்சு, தலையெழுத்துன்னு கேட்டுக்கிட்டேன். நீ சொன்னா அதுக்கு வேற அர்த்தம் எர்லீன். நீ என்னை நம்பலைன்னு அர்த்தம்."

"உன்னை நம்பாம இல்ல ஹார்லன்."

"அப்ப மாட்டாத. மாட்டினா, சீசனுக்கு என் ஆளுங்க வேற ஊர்ல சாப்பிட்டுக்குவாங்க. நானும்தான்."

போர்டு தபாலில் வந்தது. நானே கொண்டுவந்து கொடுத்தேன். எர்லீன் அதைப் பிரிக்காமல் சமையலறையில் மாவு மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. அந்த வாரம் முழுக்க வாசலில் எதுவும் இல்லை. ஆட்கள் ஒற்றைச் சத்தத்தோடு இறங்கி, நேரே உள்ளே வந்தார்கள். ஒருவரும் வம்புக்கு வரவில்லை, எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். ஆனாலும் யார் எதற்குக் குனிந்தாலும் எர்லீன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். ஷூ கயிறு கட்டக் குனிந்தாலும் சரி. அந்த வாரம் மூன்று கிளாஸ் உடைத்தாள், அவள் கிளாஸ் உடைத்து நான் பார்த்ததே இல்லை.

சீசனுக்கு இரண்டு நாள் முன்னால் நான் ஹார்லன் கடையில் தபால் போடப் போனேன். அவன் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தான். "நல்லவனுக்குத் தன் இடுப்புல என்ன இருக்குன்னு தெரியும்யா. போர்டு எதுக்கு?"

அல்வின் பின்பக்கம் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு மூட்டையைக் கீழே வைத்தான். அவன் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து நான் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை.

"ஹார்லன், நானும் நல்லவன்தான்" என்றான்.

ஹார்லன் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்குக் காலையில, அல்வின் நீ ஜாக்கிரதையான ஆளான்னு கேட்டிருந்தா, ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். நீயும் ஆமான்னு சொல்லியிருப்ப. லியோவும் சொல்லியிருப்பான். எனக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். போர்டு கண்ணுல பட்டிருந்தா ஞாபகம் வந்திருக்கும். வண்டிக்குத் திரும்பிப் போயிருப்பேன். அவன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்." மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "இது கெட்டவங்களுக்கு இல்ல. என்னை மாதிரி ஆளுங்களுக்கு."

ஹார்லன் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த கத்தியையே துடைத்துக்கொண்டிருந்தான். நான் மிச்சத் தபாலையெல்லாம் வண்டியில் போட்டுக்கொண்டு நேரே எர்லீனிடம் ஓடினேன். அன்றைக்குச் சில பேருக்குத் தபால் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது. யாராவது புகார் கொடுக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

எர்லீன் நூடுல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அவனா பேசினான்? எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

கத்தியை வைத்துவிட்டு மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். நன்றாக அழுதாள். லியோ போனபோதுகூட இப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து, முகமெல்லாம் மாவாக எழுந்து, மூட்டைக்குப் பின்னாலிருந்து போர்டை இழுத்தாள். "திருப்புளி எங்கடி?" என்றாள். தானே நின்று திருகினாள். சட்டம் சொன்ன வாசகம், சட்டம் சொன்ன அளவில், ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று இரண்டு பாஷையில். அது போதாது என்று ஒரு அட்டையைக் கிழித்து, அதில் தன் கையால் எழுதிக் கீழே ஒட்டினாள்: 'உள்ளே சூப் இருக்கிறது. துப்பாக்கி வண்டியிலேயே இருக்கட்டும். எர்லீன்.' எழுத்து கோணல். பேர் மட்டும் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. விடியலிலிருந்து நாலு பக்கமும் வேட்டுச் சத்தம் கேட்டது. நான் உதவிக்குப் போயிருந்தேன். வழக்கமாக மத்தியானத்துக்கு முன்பே வண்டிகள் வந்து சேர்ந்துவிடும். அன்றைக்கு வாசல் காலியாகக் கிடந்தது. இரண்டு கிழவர்கள் மட்டும் மூலையில், பாவம், இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எர்லீன் மூடியைத் திறந்து சூப்பைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"நெல்டா, இவ்வளவையும் யாருடி சாப்பிடறது?"

"நான் சாப்பிடறேன். நீ சும்மா இரு" என்றேன். ஒரு கிண்ணத்தை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம். சரளைக்கல்லில் பூட்ஸ் நடந்து வந்தது. வாசலுக்கு வெளியே நின்றது. ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது எங்களுக்கு. பிறகு பூட்ஸ் திரும்பிப் போனது. கிளம்பிவிட்டானோ என்று எர்லீன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை கதவு சாத்துகிற சத்தம்.

உள்ளே வந்தவன் ஹார்லன். "என்ன ரெண்டு பேரும் பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறீங்க? பசிக்குது" என்றான். உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு எர்லீன். என் ஆளுங்க எழுத்துக் கூட்டிப் படிச்சு வர்றதுக்கே பொழுது போயிடும்" என்றான்.

"வராங்களா?"

"பின்ன? என் பின்னாடியேதான் வரானுங்க."

வந்தார்கள். அதற்குப் பிறகு வாசலில் ஓயாத கதவுச் சத்தம். இறங்குகிற சத்தம், திரும்பிப் போகிற சத்தம், பூட்டுகிற சத்தம். ஒவ்வொரு இரண்டாவது சத்தத்துக்கும் எர்லீனின் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியில் காது வெளியே வைக்கவே அவளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. யாரோ சொன்ன மொக்கை ஜோக்குக்குக்கூட வாய்விட்டுச் சிரித்தாள்.

கூட்டம் கொஞ்சம் அடங்கி, ஹார்லன் கிழவர்களோடு டோமினோ போட உட்கார்ந்த நேரம், வெளியே ஒரு கதவுச் சத்தம். ஒன்றே ஒன்று. இரண்டாவது வரவில்லை. எர்லீன் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. கண் கதவுக்குப் போனது.

அல்வின் டூசெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். சட்டையை உள்ளே விட்டு இறுக்கியிருந்தான். இடுப்பில் பெல்ட்டுகூட இல்லை.

"போர்டைப் படிச்சேன். எங்கிட்ட எதுவும் இல்ல எர்லீன்" என்றான்.

"தெரியும் அல்வின். ரொம்ப நாளாவே தெரியும். உள்ள வந்து உட்காரு, சூப் ஆறிடும்."

அவன் உள்ளே வந்தான். தரையைப் பார்த்தே நடந்து, ஹார்லன் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஹார்லனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையிலிருந்த காயை மேசையில் ஓங்கி வைத்தான். ஒரு காய் தெறித்து சிமெண்ட் தரையில் டக்கென்று விழுந்தது.

யாரும் அசையவில்லை. அது அல்வினின் காலடியில் கிடந்தது. எர்லீன் கவுண்டருக்குப் பின்னால், இரண்டு கையிலும் சூப் கிண்ணத்தோடு நின்றாள்.

அல்வின் குனிந்தான். காயை எடுத்தான். மேசைமேல் வைத்தான்.

"உன் ஆட்டம் ஹார்லன்" என்றான்.

எர்லீன் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடை திறந்திருக்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.